ஏழு பேராக வந்தோம், நான் மட்டும் தனியாக இருக்கிறேன்

கேள்வி:

டாக்டர், எனக்கு 28 வயது. ஊர் ஆலந்தூர். ஆறு வருடமாக நர்ஸ் வேலை. எங்கள் சபையிலிருந்து ஏழு பேர் கொண்ட மருத்துவ ஊழியக் குழுவில், ஒரு வருடத்துக்கு எத்தியோப்பியா வந்திருக்கிறேன். வந்து ஏழு வாரம் ஆகிறது. அடிஸ் அபாபாவுக்கு வெளியே வாடகை வீடு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வேனில் தெற்கே அர்பா மிஞ்ச் பக்கம் போய் முகாம் நடத்துகிறோம். மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. தூங்கினாலும் கெட்ட கனவு. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. என் அறையில் இருக்கும் சிஸ்டரின் அலாரம் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. தெருவில் பிள்ளைகள் 'ஃபெரெஞ்ஜி' என்று கத்துகிறார்கள். நான் பேசும்போது ஆட்கள் திடுக்கிட்டதுபோல் மூச்சை உள்ளே இழுக்கிறார்கள். என்ன தப்பாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சிக்கன் பிரியாணி கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார், சாப்பிடவில்லை. குழுத் தலைவர் அண்ணனிடம் சொன்னதற்கு, "இது சோதனை, ஜெபத்தில் தரித்திரு" என்றார். ஊருக்கு மாதம் ஒரு ஜெபக் கடிதம் நான்தான் எழுத வேண்டும். எல்லாம் நன்றாக நடக்கிறது என்று எழுதிவிட்டு பாத்ரூமில் போய் அழுகிறேன். மலேரியாவுக்கு வாரம் ஒரு மாத்திரை. அதையெல்லாம் தவறாமல் போட்டுக்கொள்கிறேன். 22 வயதில் அப்பா இறந்தபோது மன அழுத்தத்துக்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டதுண்டு. என் அழைப்பு பொய்யா டாக்டர்? திரும்பி வந்துவிடட்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

ஆஸ்பத்திரியிலும் சிஸ்டர், சபையிலும் சிஸ்டர். நானும் அப்படியே கூப்பிட்டுவிடுகிறேன்.

உங்கள் அழைப்பு மெய்யா பொய்யா என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. வெள்ளிக்கிழமை கபாலி கோவிலுக்குப் போகிறவள் நான். ஆனால் நீங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிற ஒரு வரியைப் பற்றிச் சொல்லும் தகுதி இருக்கிறது. வாரம் ஒரு மாத்திரை.

அதன் பெயர் என்ன? அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மலேரியா தடுப்புக்குப் பயணிகள் சாப்பிடுபவற்றில் டாக்ஸிசைக்ளின் தினமும் போட வேண்டியது. அடோவகுவோனும் புரோகுவானிலும் சேர்ந்த மாத்திரையும் அப்படித்தான். வாரம் ஒன்று என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மெஃப்லோகுயின். குளோரோகுயினும் வாரம் ஒருமுறைதான், ஆனால் ஆப்பிரிக்க மலேரியாக் கிருமியிடம் அது எடுபடாமல் போய் ரொம்ப நாள் ஆகிறது. மெஃப்லோகுயின் மலேரியாவைத் தடுப்பதில் கெட்டி. கூடவே சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், பயங்கரக் கனவு கொண்டுவரும், படபடப்பு, அழுகை, மனச்சோர்வு என்று வரிசையாகக் கிளப்பிவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013-ல் இதற்காகவே அட்டையில் கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. முன்பு மன அழுத்தம் வந்தவர்களுக்கு இதைத் தடுப்பு மருந்தாகத் தரவே கூடாது. உங்களுக்கு 22 வயதில் வந்திருக்கிறது.

யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். குழு என்றால் மாத்திரையையும் மொத்தமாக வாங்கி, ஆளுக்கு ஒரு பட்டையாகப் பிரித்துக் கொடுப்பதுதான் வழக்கம். ஏழு பேருக்கும் ஒரே செருப்பு அளவு எடுப்பதுபோல.

நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அர்பா மிஞ்ச் ஏரிக்கரை ஊர், சுமார் 1,300 மீட்டர் உயரம்தான், அங்கே மலேரியா உண்டு. தடுப்பு இல்லாமல் முகாமுக்குப் போவது வம்பு. அடிஸ் அபாபாவில் ஒரு டாக்டரிடம் போய், பழைய மன அழுத்தத்தையும் இப்போதைய கனவுகளையும் சொல்லி, வேறு மருந்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அடுத்த மாத்திரை நாள் வருவதற்குள் இது நடக்க வேண்டும். மாற்றினாலும் மறுநாளே தூக்கம் வந்துவிடாது. மெஃப்லோகுயின் உடம்பை விட்டுப் போக வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் "மருந்தை மாற்றியும் சரியாகவில்லை, அப்போது என் விசுவாசம்தான் குறை" என்று தொடங்கிவிடாதீர்கள்.

உடம்பைப் பற்றி இன்னொன்று. அடிஸ் அபாபா சுமார் 2,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியைவிட உயரம். அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், ராத்திரிக் குளிர் பல்லைக் கிட்டும். நீங்களோ மீனம்பாக்கத்தில் வியர்த்துக்கொண்டே விமானம் ஏறியவர். படியேறினால் மூச்சு வாங்குவதும் தூக்கம் பிடிக்காததும் முதல் நாட்களில் எல்லோருக்கும் வருவது. நீங்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இறங்கி ஏறி இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். வேனிலேயே ஒரு பகல் முழுக்கப் போயிருக்கும். திரும்பி வந்த மறுநாள் ஓய்வு என்று குழுவில் கேட்டு வாங்குங்கள். துணி துவைக்கிற நாள் என்று ஒன்று வைத்திருப்பீர்களே, அதுவல்ல நான் சொல்லும் ஓய்வு.

சரி, மாத்திரையை மாற்றியாகிவிட்டது, தூக்கமும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மிச்சமிருக்கப்போகிற ஒன்றுக்கு இப்போது வருகிறேன்.

உங்கள் கடிதம் மூன்று பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். காலை ஐந்தரைக்குக் குழு ஜெபம், ஏழு பேரும் ஒரே மேஜையில் சாப்பாடு, சென்னையிலிருந்து வந்த அரிசி, அண்ணி அனுப்பிய பூண்டு ஊறுகாய், வேனில் பாமாலைப் பாட்டு, ராத்திரி அம்மாவோடு இரண்டு மணி நேர வீடியோ கால். முழுதும் படித்துவிட்டு, இதில் எத்தியோப்பியா எங்கே என்று தேடினேன். கத்துகிற பிள்ளைகள், மூச்சை இழுக்கிறவர்கள், பிரியாணி சாப்பிடாத அம்மா. மூன்று இடத்தில் வருகிறது, மூன்றும் உங்களைப் பயமுறுத்துகிற இடம். ஏழு வாரமாக நீங்கள் குடியிருப்பது குழுவுக்குள். எந்த ஊருக்குப் பழக வேண்டுமோ அந்த ஊருக்குள் இன்னும் கால் வைக்கவில்லை.

இதை நான் குத்திக்காட்டவில்லை. நானே அங்கே அப்படி இருந்தவள். என் கணவர் எத்தியோப்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் பாடம் நடத்தினார். நானும் கீழ்ப்பாக்கத்தில் நடத்திவந்த கிளினிக்கைப் பூட்டிவிட்டுக் கூடப் போனேன். (கீழ்ப்பாக்கம் டாக்டர் என்றால் சென்னையில் எல்லோரும் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். அங்கே அந்தச் சிரிப்பு இல்லாததே எனக்குப் பாதி விடுமுறை.) பதினொரு இந்தியக் குடும்பம் ஒரே காம்பவுண்டில். ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டிலாவது சாம்பார், சாயங்காலம் கேரம்போர்டு. எட்டு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தால் எனக்குத் தெரிந்த அம்ஹாரிக் வார்த்தைகள் நான்கு. மனநல மருத்துவம் படித்தவள், தினமும் மத்தியானம் காரணம் தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன். ஊறுகாய் தீர்ந்தாலும் அழுகை, வந்தாலும் அழுகை.

ஒரு மழை நாள், காம்பவுண்டு கேட்டுக்கு வெளியே சேற்றில் வழுக்கி விழுந்தேன். கையிலிருந்த பன்னிரண்டு முட்டையும் போச்சு. எதிரில் வறுத்த பார்லி விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா, நான் தரையைத் தொடுவதற்கு முன்பே "அய்ஸோஷ்!" என்றார். பெண்ணிடம் சொன்னால் அய்ஸோஷ், ஆணிடம் அய்ஸோஹ். தைரியமாக இரு, நான் இருக்கிறேன், ஒன்றுமில்லை எல்லாம் அதற்குள் அடக்கம். நம் ஊரில் குழந்தை விழுந்தால் "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று ஓடுவோமே, அதுதான். பெரியவர்களுக்கும் சொல்வார்கள். எட்டு மாதத்தில் எனக்கென்று நேராக வந்து விழுந்த முதல் வார்த்தை அது. என்னை உள்ளே கூட்டிப்போய்க் காலைக் கழுவிவிட்டு, காபி போட்டார்.

அந்தக் காபியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தரையில் பச்சைப் புல்லைப் பரப்பி, சாம்பிராணிபோல ஒன்றைப் புகைத்தார். பச்சைக் காபிக்கொட்டையைக் கழுவி, என் கண் முன்னால் வாணலியில் வறுத்தார். வறுபட்டுப் புகை கிளம்பியதும் வாணலியை என் மூக்கருகே கொண்டுவந்து ஆட்டினார்; கையால் விசிறி அந்த வாசனையை முகர்ந்து பாராட்ட வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இடித்து, ஜெபெனா என்கிற நீண்ட கழுத்து மண் கூஜாவில் கொதிக்கவைத்து, காது இல்லாத சின்னக் கோப்பைகளில் ஊற்றினார். கொறிக்கச் சோளப்பொரி. ஒரு கோப்பையோடு எழுந்தேன். கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். மூன்று சுற்று உண்டு: அபோல், தோனா, பரகா. கடைசிச் சுற்றுக்கு ஆசீர்வாதம் என்று பொருள். அதற்குமுன் எழுந்து போவது மரியாதையில்லை. ஒன்றரை மணி நேரம் ஆனது. பேச மொழி இல்லை. ஆனால் அன்று மத்தியானம் நான் அழவில்லை.

அதனால் உங்களுக்கு நான் தரும் வேலை இதுதான். வாரத்தில் ஒரு நாள், ஒரு வீட்டில், ஒரு காபி. குழுவோடு போகக்கூடாது. ஊழியத்துக்காகவும் போகக்கூடாது. பிளட் பிரஷர் பார்க்கிற கருவியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அது கையில் இருந்தால் நீங்கள் மறுபடி நர்ஸ் ஆகிவிடுவீர்கள், அவர் பேஷன்ட் ஆகிவிடுவார். விருந்தாளியாகப் போங்கள். பாதுகாப்புக்கு எந்த வீடு, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அது போதும்.

யார் வீடு என்று தேடவும் வேண்டாம். பிரியாணி சாப்பிடாத அம்மா இருக்கிறாரே, அவர் வீடுதான். அவர் உங்களை அவமதிக்கவில்லை. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி இரண்டு நாளும் கறி, பால், முட்டை, நெய் எதையும் தொட மாட்டார்கள். ஆகஸ்டில் மாதாவுக்காகப் பதினைந்து நாள் நோன்பு வேறு. நீங்கள் கொடுத்தது எந்தக் கிழமை என்று பாருங்கள். பிரியாணியைத் திருப்பிக் கொடுத்தால் உங்கள் மனம் நோகுமே என்று வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். நம் வீட்டுப் பாட்டிகளும் இதைத்தான் செய்வார்கள். அடுத்தமுறை நெய் விடாத சுண்டல் கொண்டுபோங்கள். கடலை மாவில் ஷிரோ என்று குழம்பு வைத்துத் தினமும் சாப்பிடுகிறவர்கள், சுண்டல் அவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. அவர் இஞ்ஜெரா என்கிற அவர்கள் ஊர்ப் புளித்த தோசையைக் கிழித்துக் குழம்பில் தோய்த்து உங்கள் வாயில் ஊட்டவந்தால் பின்வாங்காதீர்கள், அது பிரியம். புளிப்பு பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று நாள் பழைய ஆப்ப மாவு என்று நினைத்துக்கொண்டு சாப்பிடுங்கள், நாலாவது வாரம் நாக்கு தேடும்.

ஒரு வெளியாளாக இதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போயிருக்கிற தேசம் 4-ஆம் நூற்றாண்டிலேயே, அக்சும் அரசன் எசானா காலத்தில், கிறிஸ்தவத்தை ஏற்றது. ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு முன்னால். அந்த அம்மா உங்கள் வேதாகமக் கதைகளை உங்களைவிட அதிகமாகவே கேட்டு வளர்ந்திருப்பார். கொடுக்க மட்டும் வந்திருக்கிறோம் என்று நினைத்தால் தோள் வலிக்கும் சிஸ்டர். வாங்கிக்கொள்ளவும் வந்திருக்கிறீர்கள்.

அப்புறம் அந்த மூச்சு. அது 'ஆமாம்'. வாயைத் திறந்து சொல்வதற்குப் பதில் 'ஹா' என்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். நீங்கள் சொல்வது புரிகிறது, மேலே சொல்லுங்கள் என்று அர்த்தம். நம் 'ம்' கொட்டுவதுபோல. நீங்கள் ஏழு வாரமாக ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் திடுக்கிட்டுப்போயிருக்கிறீர்கள்.

ஃபெரெஞ்ஜி என்று கூப்பிடுவதும் வசவு இல்லை. ஐரோப்பாவின் ஃபிராங்க் மக்களை அரபியர் சொன்ன சொல் இரண்டு பக்கமும் கடல் கடந்து போயிருக்கிறது. அங்கே வெளிநாட்டார் எல்லோரும் ஃபெரெஞ்ஜி. இங்கே போர்ச்சுக்கீசியர் பரங்கியர், அவர்கள் வந்து தங்கிய இடம் பரங்கிமலை. ஆலந்தூர் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தெரியும் மலைதானே அது? வாழ்நாளெல்லாம் பரங்கிமலையைப் பார்த்து வளர்ந்தவரை இப்போது பரங்கி என்கிறார்கள். நான் இதை அந்தப் பார்லி அம்மாவிடம் அரைகுறையாகச் சொல்லி முடிப்பதற்குள் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மொழிக்குக் குழுவில் வாரம் இரண்டு வகுப்பு நடக்கிறதாமே, ஏழு பேரும் சேர்ந்து உட்கார்ந்து. அதனால் பெரிதாக வராது. தரங்கம்பாடியில் 1706 ஜூலையில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் என்ன செய்தார்? ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சின்னப் பையன்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டையே அச்சிட்டு முடித்துவிட்டார்கள். உங்கள் சபையில் அவர் பெயரைச் சொல்லாத ஊழியப் பிரசங்கம் இருக்காது, ஆனால் அந்த மணலை யாரும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டில் பள்ளி போகிற பிள்ளை இருந்தால் அதன் நோட்டை வாங்கி எழுத்தைக் கேளுங்கள். தப்பாகச் சொன்னால் பிள்ளை சிரிக்கும், நீங்களும் சிரிப்பீர்கள். முதல் வார்த்தையாக 'இஷி' கற்றுக்கொள்ளுங்கள். சரி என்று அர்த்தம். நாம் 'சரி' சொல்கிற இடத்தில் எல்லாம் அதைப் போடலாம், வைக்கிறேன் என்பதற்குப் பதிலாக 'சரி அப்போ' என்கிறோமே, அங்கேகூட.

யாராவது காபிக்கு மூன்று மணிக்கு வா என்றால் எந்த மூன்று என்று கேளுங்கள். அவர்கள் கடிகாரம் விடியலில் தொடங்கும், நம் காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி. பஞ்சாங்கத்தில் உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நமக்கு இது புரியாத கணக்கு இல்லை. நான் ஒரு கல்யாண வீட்டுக்கு ஆறு மணி நேரம் தாமதமாகப் போய் நின்றிருக்கிறேன்.

அறையில் இருக்கும் சிஸ்டர் விஷயம். அலாரம் அவருடைய பிழை இல்லை, தூங்காத காதுக்கு எதுவும் இடிதான். தூக்கம் சரியான பிறகும் எரிச்சல் மிச்சம் இருந்தால், அலாரத்தைப் பற்றி அலாரமாக மட்டும் பேசுங்கள்: "சிஸ்டர், அதிர்வில் வைத்துக்கொள்ள முடியுமா?" அதற்கு ஜெபக் கூட்டத்தில் 'ஒருமனப்பாடு' பற்றி வேண்டுதல் வைத்துச் சுற்றி வளைக்க வேண்டாம்.

அண்ணன் சொன்னதில் தப்பில்லை, பாதிதான் சொன்னார். ஜெபியுங்கள், மருந்தையும் மாற்றுங்கள். அவரிடம் இந்தமுறை "மனசு சரியில்லை" என்று தொடங்காதீர்கள், அந்தச் சொல்லுக்கு அவரிடம் ஒரே ஒரு பதில்தான் கைவசம் இருக்கிறது. "மாத்திரையின் பக்கவிளைவு, டாக்டரைப் பார்க்க வேண்டும், வேன் வேண்டும்" என்று தொடங்குங்கள். வேறு யாருக்கும் இதே கனவு இருக்கிறதா என்று அவரையே குழுவில் கேட்கச் சொல்லுங்கள். இன்னொருவர் கையைத் தூக்கினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அப்படியே, ஊசி போட உங்களுக்கு அந்த நாட்டில் முறையான அனுமதி வாங்கியிருக்கிறார்களா, விசா எந்த வகை என்பதையும் காகிதத்தில் பார்த்துவிடுங்கள். நர்ஸ் நீங்கள், ஏதாவது ஆனால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

ஜெபக் கடிதம். அடுத்த மாதம் அதில் ஒரே ஒரு உண்மையைச் சேருங்கள்: "தூக்கம் இல்லாமல் இருந்தேன், மருந்து மாற்றியிருக்கிறோம்." அவ்வளவு போதும். ஜெபிக்கிறவர்களுக்கு ஜெபிக்க ஏதாவது வேண்டாமா? அம்மாவோடு பேசுவதை இருபது நிமிஷமாக்குங்கள். நம் நேரம் இரண்டரை மணி முன்னே ஓடுகிறது; நீங்கள் எட்டரைக்கு அழைத்தால் அம்மாவுக்குப் பதினொரு மணி, பாவம், அவருக்கும் தூக்கம் இல்லை.

திரும்பி வருவதா என்ற கேள்விக்கு இன்றைக்குப் பதில் வேண்டாம். மருந்து மாறி ஆறு வாரம் போகட்டும். அதற்குள் சாப்பாடு இறங்காமல் போனாலோ, எழுந்து வேலைக்குப் போக முடியாமல் போனாலோ அடிஸ் அபாபாவில் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் ஆறு வாரமும் கிடையாது, ஆறு மணி நேரமும் கிடையாது. உடனே அறைத்தோழியை எழுப்பிச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிறகு விமானம். அப்படித் திரும்புவது காய்ச்சலோடு திரும்புவதுபோலத்தான், யாரும் சாட்சி சொல்லி விளக்கம் கொடுக்கத் தேவையில்லை. எப்போது திரும்பினாலும் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலோ துறைமுகச் சுகாதார அலுவலகத்திலோ மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு வாங்கிய அந்த மஞ்சள் அட்டை பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும். இல்லையென்றால் விமான நிலையத்தில் பிடித்து ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள்.

செப்டம்பர் 11 அவர்களுக்குப் புத்தாண்டு. வயலெல்லாம் மஞ்சள் பூ பூத்திருக்கும், சின்னப் பெண்கள் பூவோடு வீடு வீடாகப் பாடிக்கொண்டு வருவார்கள். பக்கத்து வீட்டு அம்மா அன்றைக்குக் கூப்பிடுவார். அதற்குள் அவர் பெயரைத் தெரிந்துகொண்டிருங்கள். மூன்று பக்கக் கடிதத்தில் அவர் பெயர் எங்கேயும் இல்லை. மாத்திரையின் பெயரை மட்டும் இன்றைக்கே பார்த்து எழுதுங்கள்.